கல்லூரி ஃபுட்பால் ஆடப் படிப்பில் என்ன தகுதி வேண்டும்? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

இங்கே பேசுவது அமெரிக்கக் கல்லூரிகளில் ஆடப்படும் அமெரிக்கன் ஃபுட்பாலைப் பற்றி. அங்கே குடியேறிய நம் குடும்பங்களில் பையன் ஹைஸ்கூல் அணியில் சேர்ந்ததும், கோச் சொல்லும் பாதி வார்த்தைகள் பெற்றோருக்குப் பிடிபடுவதில்லை. “கோர் கோர்ஸ்”, “குவாலிஃபையர்” (முழுத் தகுதி பெற்றவன்), “ஏபிஆர்” என்று வரிசையாக வந்து விழும். இவற்றில் எது பையனின் படிப்பைக் காக்கிறது, எது அணியின் ஆட்டத்தை மட்டும் காக்கிறது என்று பிரித்துப் பார்க்கத் தெரிந்தால் பாதிக் குழப்பம் தீரும். எண்கள் அவ்வப்போது மாறுபவை. முடிவெடுக்கும் முன் அந்த ஆண்டின் விதியை ஒருமுறை சரிபார்த்துக்கொள்ளுங்கள்.

இந்த விதிகளை வைப்பது யார்? அரசாங்கமா?

இல்லை. 1906-இல் தொடங்கப்பட்ட என்சிஏஏ என்ற கல்லூரி விளையாட்டு அமைப்புதான் வைக்கிறது. உறுப்பினர்களாக இருக்கும் கல்லூரிகளே கூடி வாக்களித்து விதியை உண்டாக்குகின்றன. தொலைக்காட்சியில் பார்க்கும் பெரிய அணிகளெல்லாம் முதல் பிரிவைச் சேர்ந்தவை. இரண்டாம் பிரிவில் விதி சற்றுத் தளர்வு. மூன்றாம் பிரிவில் விளையாட்டுக்கென்று ஸ்காலர்ஷிப் கிடையாது, சேர்க்கையை அந்தந்தக் கல்லூரியே பார்த்துக்கொள்ளும். கீழே எல்லாம் முதல் பிரிவுக் கணக்கு.

ஒன்றை முதலிலேயே மனதில் வையுங்கள். என்சிஏஏ தகுதி என்பது மிகக் குறைந்தபட்சம். அது கைக்கு வந்துவிட்டது என்பதற்காக எந்தக் கல்லூரியும் அட்மிஷன் தந்தாக வேண்டும் என்பதில்லை.

ஹைஸ்கூலில் என்ன முடித்திருக்க வேண்டும்?

16 கோர் (அடிப்படை) பாடங்கள். ஆங்கிலம் 4 ஆண்டு, கணிதம் 3 (ஆல்ஜீப்ரா ஒன்று அல்லது அதற்கு மேல்), அறிவியல் 2, சமூக அறிவியல் 2, ஆங்கிலம், கணிதம், அறிவியல் இவற்றில் ஏதாவது ஒன்றில் கூடுதலாக 1, மீதி 4 இவற்றிலிருந்தோ வேற்று மொழி, தத்துவம் போன்றவற்றிலிருந்தோ வரலாம். உடற்பயிற்சி, சமையல், ஓவியம் எதுவும் கோர் கணக்கில் சேராது. பையனின் பள்ளியில் எந்தெந்தப் பாடம் கோர் என்று ஏற்கப்பட்டிருக்கிறது என்ற பட்டியல் என்சிஏஏ தகுதி மையத்தின் தளத்தில் பள்ளிவாரியாக இருக்கிறது. பள்ளி கவுன்சிலர் சொல்லிவிட்டார் என்று விட்டுவிடாமல் அந்தப் பட்டியலை நீங்களே திறந்து பாருங்கள். ஒரே பாடத்தின் இரண்டு வடிவங்களில் ஒன்று பட்டியலில் இருக்கும், இன்னொன்று இருக்காது.

இந்த 16 பாடங்களில் மட்டும் ஜிபிஏ (கிரேடுப் புள்ளிகளின் சராசரி) 2.3 வேண்டும். பார்க்க எளிதாகத் தெரியும், கணக்குப் போட்டால்தான் நெருக்கம் புரியும். ஏ என்றால் 4 புள்ளி, பி 3, சி 2, டி 1. ப்ளஸ், மைனஸ் என்சிஏஏ கணக்கில் இல்லை. 16 பாடத்துக்கு 2.3 என்றால் குறைந்தது 37 புள்ளி. அதாவது ஐந்து பி, பதினொன்று சி. அந்த ஐந்து பி-யில் ஒன்று சி-யாகிவிட்டால் 36 புள்ளி, சராசரி 2.25, தகுதி போய்விட்டது. பி மைனஸ் வாங்கிய பையனும் பி ப்ளஸ் வாங்கிய பையனும் இங்கே ஒன்றுதான். ஆனால் சி ப்ளஸ் வாங்கியவன் முழுசாக ஒரு புள்ளி கீழே நிற்கிறான். செமஸ்டர் முடிய இரண்டு வாரம் இருக்கும்போது 78-இல் நிற்கும் ஒரு பாடத்தை 80-க்குத் தூக்குவது, மைதானத்தில் செய்யும் எதையும்விட அவனுக்குப் பெரிய லாபம்.

ஒன்பதாம் வகுப்பில் சறுக்கிவிட்டான். பிறகு சரிசெய்யலாமா?

ஓரளவுக்கு. ஒன்பதாம் வகுப்பில் கால் வைத்த நாளிலிருந்து எட்டு செமஸ்டர் என்று கெடு ஓடத் தொடங்கிவிடுகிறது. ஒரு வருடம் திரும்பப் படித்தாலும் கெடு நீளாது. குறித்த காலத்தில் ஹைஸ்கூலை முடித்தவனுக்கு அதன்பின் ஓராண்டுக்குள் ஒரே ஒரு கோர் பாடத்தைக் கூடுதலாகச் சேர்த்துக்கொள்ளும் சலுகை மட்டும் உண்டு.

இதைவிடக் கடுமையானது 2016 ஆகஸ்டிலிருந்து நடைமுறையில் இருக்கும் பூட்டு. கடைசி ஆண்டு தொடங்குமுன் 16-இல் 10 பாடம் முடிந்திருக்க வேண்டும், அதில் 7 ஆங்கிலம், கணிதம், அறிவியலாக இருக்க வேண்டும். அந்த 10 பாடங்களின் கிரேடும் அங்கேயே உறைந்துவிடும். பன்னிரண்டாம் வகுப்பில் திரும்ப எழுதி ஏ வாங்கினாலும் தகுதிக் கணக்கில் ஏறாது. கடைசி ஆண்டில் ஸ்காலர்ஷிப் பேச்சு வந்த பிறகு விழித்துக்கொண்டு ஆன்லைனில் அவசர அவசரமாகப் பாடங்களைத் திரும்ப எடுக்கும் பழக்கத்தை இது நிறுத்தியது. நல்ல நோக்கம்தான். ஆனால் இதன் அடி விழுவது 14 வயதுப் பிள்ளைமேல். அந்த வயதில் அவனுக்கு இதை யாராவது எடுத்துச் சொன்னார்களா என்பதுதான் என் கவலை. வசதியான பள்ளிகளில் சொல்கிறார்கள். ஒரு கவுன்சிலருக்கு நூற்றுக்கணக்கான மாணவர்கள் இருக்கும் பள்ளியில் யார் சொல்வார்?

எட்டாம் வகுப்பிலேயே ஆல்ஜீப்ரா ஒன்று முடித்து, அது ஹைஸ்கூல் டிரான்ஸ்கிரிப்டில் ஏறியிருந்தால் அதையும் கணக்கில் சேர்க்கலாம். நம் பிள்ளைகளில் பலருக்கு இது பொருந்தும், விட்டுவிடாதீர்கள்.

எஸ்ஏடி (கல்லூரி நுழைவுத் தேர்வு) மதிப்பெண் வேண்டாமா?

தகுதிக்கு வேண்டாம். 2020 கொரோனா காலத்தில் தற்காலிகமாக விலக்கினார்கள், 2023 ஜனவரியில் முதல் இரண்டு பிரிவுகளுக்கும் நிரந்தரமாகவே எடுத்துவிட்டார்கள். (தனிப்பட்ட ஒரு கல்லூரி தன் அட்மிஷனுக்குக் கேட்கலாம், அது வேறு.)

இதற்குப் பின்னால் நீண்ட சண்டை இருக்கிறது. 1983-இல் கல்லூரிகள் “ப்ரோபசிஷன் 48” என்ற விதியை நிறைவேற்றின. 1986-இல் நடைமுறைக்கு வந்தபோது 11 கோர் பாடத்தில் 2.0 ஜிபிஏ, கூடவே எஸ்ஏடியில் 700 அல்லது அதுபோன்ற இன்னொரு தேர்வான ஏசிடியில் 15 வேண்டும் என்றது. அதற்கு முன் இருந்த நிலை மோசம் என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை. 1973-க்குப் பிறகு எந்தப் பாடத்தில் வாங்கியிருந்தாலும் ஹைஸ்கூலில் 2.0 சராசரி இருந்தால் போதும் என்றிருந்தது. ஆனால் தேர்வு மதிப்பெண் என்ற கத்தி கறுப்பின மாணவர்களைத்தான் அதிகம் வெட்டியது. 1989-இல் இதை இன்னும் இறுக்கி, தகுதி பாதி உள்ளவர்களுக்குக் கிடைத்துவந்த ஸ்காலர்ஷிப்பையும் பறிக்க “ப்ரோபசிஷன் 42” வந்தபோது, ஜார்ஜ்டவுன் பல்கலைக்கழகத்தின் கூடைப்பந்து கோச் ஜான் தாம்ப்சன் அந்த ஜனவரியில் பாஸ்டன் காலேஜுக்கு எதிரான ஆட்டம் தொடங்கும் நேரத்தில் அரங்கைவிட்டு வெளியேறினார். அடுத்த ஆண்டே அந்த விதியைத் தளர்த்தினார்கள்.

பிறகு 1996-இல் ஜிபிஏ கூடினால் தேர்வு மதிப்பெண் குறையலாம் என்ற ஏணி முறை வந்தது. ஆனாலும் அடியில் ஒரு வெட்டு மதிப்பெண் இருந்தது. ஃபிலடெல்ஃபியாவில் அதை எதிர்த்துத் தொடரப்பட்ட கியூரட்டன் வழக்கில், 1999 மார்ச்சில் அது இனப்பாகுபாட்டு விளைவு கொண்டது என்று மாவட்ட நீதிமன்றம் அடித்துப்போட்டது. அதே ஆண்டு டிசம்பரில் மேல்முறையீட்டு நீதிமன்றம் தீர்ப்பை மாற்றியது. ஆனால் விதி நியாயம் என்று அது சொல்லவில்லை. அரசு நிதி நேரடியாகப் பெறாத என்சிஏஏவுக்கு இனப்பாகுபாட்டைத் தடுக்கும் அந்தச் சட்டம் பொருந்தாது என்றது. 2003-இல் வெட்டு மதிப்பெண் போனது. 3.55 ஜிபிஏ இருந்தால் எஸ்ஏடியில் அப்போதைய அடிமட்டமான 400-கூடப் போதும் என்றானது. அதன்பின் இருபது ஆண்டு கழித்துத்தான் தேர்வே போனது. நான்கு ஆண்டு வகுப்பறை உழைப்பை ஒரு சனிக்கிழமைக் காலைத் தேர்வு தூக்கி எறிய விட்டது தவறு என்று நான் உறுதியாக நம்புகிறேன். எடுத்தது சரி.

ஜிபிஏ 2.3 வரவில்லை, 2.1 தான். அவ்வளவுதானா?

16 பாடமும் முடித்து 2.0-க்கும் 2.3-க்கும் இடையில் இருந்தால் “அகாடமிக் ரெட்ஷர்ட்”. ஸ்காலர்ஷிப் உண்டு, முதல் செமஸ்டரில் பயிற்சி உண்டு, முதலாண்டு முழுக்க ஆட்டம் கிடையாது. முதல் செமஸ்டரில் 9 கிரெடிட் (பாடங்களை அளக்கும் அலகு) தேறினால் அடுத்த செமஸ்டரும் பயிற்சி. இதை அவமானமாகப் பார்க்கும் பெற்றோர் உண்டு. என்னைக் கேட்டால், பின்தங்கிய பிள்ளைக்கு இந்த ஓராண்டு வரப்பிரசாதம். 1972 வரை ஃபுட்பாலில் முதலாண்டு மாணவன் எவனும் பெரிய அணியில் ஆடவே முடியாது, எல்லாருக்கும் அதுதான் விதி.

டெக்சாஸில் “பாஸ் ஆகாவிட்டால் ஆட்டம் இல்லை” என்கிறார்களே?

அது மாநிலச் சட்டம், ஹைஸ்கூலுக்கானது. 1984-இல் தொழிலதிபர் ராஸ் பெரோ தலைமையிலான குழுவின் பரிந்துரையை ஒட்டி வந்தது. ஏதாவது ஒரு பாடத்தில் 70-க்குக் கீழே போனால் ஆட்டத்தில் இறங்க முடியாது. முதலில் ஆறு வாரத் தடை, 1995-இல் மூன்று வாரமாகக் குறைத்தார்கள். பயிற்சிக்குப் போகலாம். ஏபி, ஹானர்ஸ் போன்ற கடினப் பாடங்களுக்கு விலக்கு உண்டு. அதனால் கடினப் பாடம் எடுத்தால் ஆட்டம் போய்விடுமோ என்று பயந்து எளிய பாடத்துக்கு மாற வேண்டியதில்லை. ஆனால் ஏபி-யில் வாங்கிய டி என்சிஏஏ கணக்கில் ஏறத்தான் செய்யும்.

கல்லூரியில் சேர்ந்த பிறகு?

அங்கேதான் பலர் தடுக்கி விழுகிறார்கள். முழுநேர மாணவனாக 12 கிரெடிட்டில் பதிந்திருக்க வேண்டும். ஒவ்வொரு செமஸ்டரிலும் குறைந்தது 6 கிரெடிட் தேற வேண்டும். கோடை தவிர்த்த இரண்டு செமஸ்டரிலும் சேர்த்து 18. இரண்டாம் ஆண்டு தொடங்குமுன் மொத்தம் 24. ஜிபிஏ, பட்டத்துக்கு 2.0 கேட்கும் கல்லூரியில் இரண்டாம் ஆண்டுக்கு 1.8, மூன்றாம் ஆண்டுக்கு 1.9, பிறகு 2.0.

இவற்றையெல்லாம்விட முக்கியம் 40-60-80. எடுத்திருக்கும் பட்டத்துக்குத் தேவையான கிரெடிட்டில் மூன்றாம் ஆண்டுக்கு முன் 40 சதவீதம், நான்காம் ஆண்டுக்கு முன் 60, ஐந்தாம் ஆண்டுக்கு முன் 80 முடிந்திருக்க வேண்டும். 120 கிரெடிட் பட்டம் என்றால் 48, 72, 96.

கணக்கு எங்கே இடிக்கும் என்று பார்ப்போம். ஒருவன் இரண்டு ஆண்டில் 54 கிரெடிட் நன்றாகவே முடித்திருக்கிறான். மூன்றாம் ஆண்டு மெக்கானிகல் இன்ஜினியரிங்குக்கு மாற ஆசை. அவன் எடுத்த சமூகவியலும் கம்யூனிகேஷனும் அந்தப் பட்டத்துக்குத் தேவையில்லை, 40 கிரெடிட்தான் பொருந்துகிறது என்கிறார்கள். 48-க்கு எட்டுக் குறைவு. கோடையில் எட்டுக் கிரெடிட் முடித்தால் ஆடலாம், இல்லாவிட்டால் உட்கார வேண்டியதுதான். அவன் ஃபெயில் ஆகவில்லை, சோம்பேறியும் இல்லை. மேஜர் (முதன்மைப் பாடம்) மாற்றியதுதான் குற்றம். மற்ற மாணவனுக்கு மேஜர் மாற்றுவது என்பது ஒரு படிவம், இவனுக்கு ஒரு சீசன்.

ஃபுட்பாலுக்கு மட்டும் தனியாக ஏதாவது உண்டா?

உண்டு. சீசன் நடக்கும் ஃபால் (இலையுதிர்கால) செமஸ்டரில் மற்ற விளையாட்டுக்காரர் 6 கிரெடிட் தேறினால் போதும், ஃபுட்பால்காரன் 9 தேற வேண்டும். தவறினால் அடுத்த சீசனின் முதல் நான்கு ஆட்டம் போச்சு. அடுத்த ஃபாலுக்கு முன் 27 கிரெடிட் சேர்த்துவிட்டால் இரண்டு ஆட்டம் திரும்பக் கிடைக்கும். கல்லூரிக் காலத்தில் ஒரே ஒரு முறை நான்கையுமே திரும்பப் பெறும் சலுகையும் இருக்கிறது. கடைசி ஆட்டம் முடிந்ததும் வகுப்பைக் கைவிட்டு, புரொஃபஷனல் அணிகளின் ஆள்தேர்வுக்குப் பயிற்சி எடுக்கக் கிளம்பிவிடும் வழக்கம் இருந்ததால் வந்த விதி இது.

அணியிலேயே பாதிப் பேர் ஒரே மேஜர் எடுக்கிறார்களே, ஏன்?

மேலே சொன்ன 40-60-80 தான் காரணம். கூடவே நேரம். விதிப்படி விளையாட்டுக்கு வாரம் 20 மணி நேரம்தான். ஆனால் வெளியூர்ப் பயணமும் காயத்துக்கான சிகிச்சையும் அதில் சேராது. பிற்பகல் பயிற்சி இருக்கும்போது பிற்பகல் லேப் எடுக்க முடியாது. ஆகவே கிரெடிட் சிதறாத, நேரம் இடிக்காத ஒரு மேஜருக்கு ஆலோசகரே பையன்களைத் தள்ளிவிடுகிறார். தகுதி காப்பாற்றப்படுகிறது. பையன் விரும்பிய படிப்பு போய்விடுகிறது. இந்த விதிகளின் மிகப் பெரிய குறை இதுதான் என்பேன். பட்டம் நோக்கி நகர்கிறானா என்று பார்க்கிறார்கள், எந்தப் பட்டம் என்று பார்ப்பதில்லை.

கல்லூரி மாறினால் தகுதி என்னவாகும்?

2024 ஏப்ரலிலிருந்து, படிப்புத் தகுதி சரியாக இருந்தால் எத்தனை முறை மாறினாலும் உடனே ஆடலாம். ஆனால் கிரெடிட் கூடவே வரும் என்பதற்கு உத்தரவாதம் இல்லை. புதிய கல்லூரி எத்தனை கிரெடிட்டை ஏற்கிறதோ அதில்தான் 40-60-80. மூன்றாம் ஆண்டில் மாறும் பையன், கையெழுத்துப் போடும் முன் எத்தனை கிரெடிட் எந்தப் பட்டத்துக்கு ஏற்கப்படுகிறது என்று எழுத்தில் வாங்க வேண்டும். கோச் வாயால் சொல்வதை நம்பி மாறாதீர்கள்.

ஏபிஆர் என்றால்?

பையனுக்கு வைக்கும் விதியல்ல, அணிக்கு வைக்கும் விதி. ஸ்காலர்ஷிப் வாங்கும் ஒவ்வொருவனும் செமஸ்டருக்கு இரண்டு புள்ளி ஈட்டலாம்: தகுதியோடு இருந்தால் ஒன்று, கல்லூரியில் நீடித்தால் ஒன்று. மொத்தத்தை ஆயிரத்துக்குக் கணக்கிட்டு நான்கு ஆண்டுச் சராசரி பார்ப்பார்கள். 930-க்குக் கீழே போனால் சீசனுக்குப் பிந்தைய ஆட்டங்களுக்குத் தடை. 85 ஸ்காலர்ஷிப் இருந்த காலக் கணக்கில் ஓராண்டுக்கு அதிகபட்சம் 340 புள்ளி. அதில் 23 போனாலும் 932-இல் தப்பலாம், 24 போனால் 929. தகுதியும் இழந்து கிளம்பியும் போகும் ஒருவனால் ஒரே செமஸ்டரில் இரண்டு புள்ளி போகும் என்பதால், பன்னிரண்டு பேர் அப்படிப் போனாலே அந்த ஆண்டு கோட்டுக்குக் கீழே.

2014-இல் ஐடஹோ பல்கலைக்கழக அணிக்கு இந்தத் தடை விழுந்தது. எதிர்ப்பக்கமும் உண்டு. 2015-இல் சீசன் முடிவில் நடக்கும் பவுல் ஆட்டங்களுக்கு ஆறு வெற்றி பெற்ற அணிகள் போதவில்லை, 5-7 (ஐந்து வெற்றி, ஏழு தோல்வி) என்று முடித்த அணிகளில் ஏபிஆர் உயர்ந்தவற்றை அழைத்தார்கள். நெப்ராஸ்கா, மினசோட்டா, சான் ஹோசே ஸ்டேட் மூன்றும் அப்படிப் போய், மூன்றுமே வென்றன.

இவ்வளவு விதி இருந்தும் ஏமாற்று நடக்கிறதே?

நடந்திருக்கிறது. பெரும்பாலும் பெரியவர்கள் செய்தது.

ஜார்ஜியா பல்கலைக்கழகத்தில் ஜேன் கெம்ப் என்ற ஆங்கில ஆசிரியை அடிப்படைப் பாடப் பிரிவில் ஒருங்கிணைப்பாளராக இருந்தார். 1981-இல், அந்தப் பாடத்தில் தேறாத ஒன்பது ஃபுட்பால் வீரர்களை நிர்வாகம் அடுத்த நிலைக்கு ஏற்றிவிட்டது. புத்தாண்டன்று சுகர் பவுல் ஆட்டம் காத்திருந்தது. அவர் எதிர்த்தார், பதவி போனது, பிறகு வேலையும் போனது. வழக்குப் போட்டார். 1986 விசாரணையில் பல்கலைக்கழகத்தின் வழக்கறிஞர், இந்தப் பையன்களைக் கல்லூரி மாணவர்களாக்க முடியாவிட்டாலும் எழுதப் படிக்கக் கற்றுத்தந்தால் குப்பை அள்ளுவதற்குப் பதில் தபால் நிலையத்திலாவது வேலை பார்ப்பார்கள் என்ற பொருளில் பேசினார். தற்காப்பாகச் சொன்னதுதான் அது. ஜூரி 25 லட்சம் டாலருக்கு மேல் இழப்பீடு விதித்தது, பிறகு சுமார் 10.8 லட்சமாகக் குறைக்கப்பட்டது. கெம்ப் வேலைக்குத் திரும்பினார், பல்கலைக்கழகத் தலைவர் பதவி விலகினார்.

1989-இல் வாஷிங்டன் புரொஃபஷனல் ஃபுட்பால் அணியின் புகழ்பெற்ற வீரர் டெக்ஸ்டர் மேன்லி செனட் குழு முன் அமர்ந்து, ஓக்லஹோமா ஸ்டேட்டில் நான்காண்டு இருந்தும் தனக்குப் படிக்கத் தெரியாமலே வெளியே வந்ததாகக் கண்ணீரோடு சொன்னார். காகிதத்தில் அவர் தகுதி உள்ளவராகவே இருந்தார்.

சேப்பல் ஹில்லில் உள்ள நார்த் கரோலினா பல்கலைக்கழகத்தில் நடந்தது இன்னும் பெரிது. 1993 முதல் 2011 வரை, வகுப்பே நடக்காத, கடைசியில் ஒரு கட்டுரை கொடுத்தால் நல்ல கிரேடு கிடைக்கும் பாடங்களில் சுமார் 3,100 மாணவர்கள் பதிந்தார்கள். அந்தப் பதிவுகளில் பாதிக்குச் சற்றுக் குறைவு விளையாட்டு வீரர்களுடையது. இதை விசாரித்து 2014-இல் வந்த வெயின்ஸ்டீன் அறிக்கையில் ஒரு ஸ்லைடு இருக்கிறது. அந்தப் பாடங்களை நடத்திவந்த அலுவலர் ஓய்வு பெற்றதும், படிப்பு ஆலோசகர்கள் ஃபுட்பால் கோச்சுகளுக்குக் காட்டியது. இதுவரை இவர்கள் வகுப்புக்குப் போக வேண்டியிருக்கவில்லை, குறிப்பெடுக்க வேண்டியிருக்கவில்லை, விழித்திருக்கக்கூட வேண்டியிருக்கவில்லை, இனி அது இல்லை என்று வரிசையாக எழுதியிருந்தார்கள். 2017-இல் என்சிஏஏ, இந்தப் பாடங்கள் எல்லா மாணவர்களுக்கும் திறந்திருந்ததால் தன் விதி மீறப்பட்டதாக முடிவுசெய்ய முடியவில்லை என்று கைவிரித்தது. அதைப் படித்தபோது வந்த கோபம் எனக்கு இன்னும் ஆறவில்லை. கிரேடு எண்ணப்படுகிறது. அந்தக் கிரேடுக்குப் பின்னால் படிப்பு இருந்ததா என்பதை எண்ணும் விதி இல்லை.

இப்போது வீரர்களுக்குப் பணம் தருகிறார்களே, படிப்புத் தகுதி போய்விடுமா?

போகவில்லை. 2021 ஜூலையிலிருந்து விளம்பர வருமானம் வாங்கலாம். 2025 ஜூனில் ஒப்புதலான ஹவுஸ் வழக்கு உடன்பாட்டால் கல்லூரியே நேரடியாகப் பணம் தரலாம். ஆனால் ஆட்டத்தில் இறங்க மேலே சொன்ன கிரெடிட் கணக்கு அப்படியே. படிப்புக்கென்றே ஆண்டுக்கு 5,980 டாலர் வரை ஊக்கத்தொகை தரவும், 2021-இல் உச்ச நீதிமன்றம் முடித்துவைத்த ஆல்ஸ்டன் வழக்கால் வழி உண்டு. எல்லாக் கல்லூரியும் தருவதில்லை, கேட்டுப் பாருங்கள்.

பையன் ஒன்பதாம் வகுப்பைச் சென்னையிலோ யாழ்ப்பாணத்திலோ படித்தவன். அந்த மார்க் சேருமா?

சேரும். எந்த நாட்டில் படித்திருந்தாலும் ஒன்பதாம் ஆண்டிலிருந்து எல்லா ஆண்டின் பதிவுகளும் கேட்பார்கள். தமிழில் உள்ள சான்றிதழ் என்றால் அசலும் சான்றளித்த ஆங்கில மொழிபெயர்ப்பும் சேர்த்து. பழைய பள்ளியிலிருந்து இவற்றை வாங்குவதற்கே மாதங்கள் பிடிக்கலாம். பத்தாம் வகுப்பிலேயே வேலையைத் தொடங்குங்கள்.

கல்லூரியைப் பார்க்கப் போகும்போது யாரிடம், என்ன கேட்பது?

கோச்சிடம் மட்டும் கேட்காதீர்கள். தகுதிச் சான்று தருவது அவர் அல்ல. விதிகள் கடைப்பிடிக்கப்படுகின்றனவா என்று பார்க்கும் கம்ப்ளையன்ஸ் அலுவலகம் என்று ஒன்று இருக்கும், பேராசிரியர்களில் ஒருவர் விளையாட்டுத் துறைக்கான பிரதிநிதியாக இருப்பார். இருவரையும் பார்க்கக் கேளுங்கள். பையன் விரும்பும் மேஜரை இப்போது எத்தனை ஃபுட்பால் வீரர்கள் படிக்கிறார்கள், அந்த மேஜரின் லேப் நேரம் பயிற்சியோடு இடிக்குமா, காயம் பட்டு ஆட்டம் நின்றால் பட்டம் முடியும்வரை ஸ்காலர்ஷிப் இருக்குமா என்ற மூன்றையும் கேட்டுப் பதிலை மின்னஞ்சலில் வாங்கிக்கொள்ளுங்கள். அந்த மேஜரில் இருக்கும் மூன்றாம் ஆண்டு வீரன் ஒருவனோடு, கோச் பக்கத்தில் இல்லாமல், பையனைப் பத்து நிமிடம் பேசவிடுங்கள்.